ஆரஞ்சுச் சட்டையும் நான்கு சைக்கிளும்

"எங்க கொல்லையில எதுவரைக்கும் எடுக்குறீங்க? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க."

கேட்டவர் பெயர் தனக்கோடி. அது பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது தூக்கிச் செருகிய சேலையும், கையில் இருந்த அரிவாளும்தான். ஆட்டுக்குத் தழை ஒடிக்க வைத்திருந்த அரிவாள். இருந்தாலும் அரிவாள் அரிவாள்தானே. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் இன்னும் ஏறவில்லை. அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையை விட்டு விலகி, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே போகும் ஒரு சின்னத் தார் ரோடு. அதன் ஓரத்தில் நாங்கள் நான்கு பேர் வரிசையாக நின்றோம். நான், என் மனைவி கலைச்செல்வி, பிளஸ் ஒன் படிக்கும் மூத்தவள் யாழினி, நாலாம் வகுப்பு படிக்கும் இளையவள் இனியா. நால்வருக்கும் பளபளவென்று ஆரஞ்சுச் சட்டை, தலையில் மஞ்சள் ஹெல்மெட். என் கையில் நீளமான அளவு டேப். அதன் மறுமுனை யாழினி கையில். கலைச்செல்வி கிளிப் போட்ட அட்டையில் தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் நான்கு சைக்கிள்கள் ஸ்டாண்டு போட்டு நின்றன. அவற்றை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நாங்க குடும்பத்தோட சைக்கிள் பழக வந்திருக்கோம்க்கா" என்றேன்.

தனக்கோடி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆமாமா. போன தடவ வந்தவங்க கல்யாண வீடியோ எடுக்கறோம்னு சொல்லித்தான் மேல ட்ரோன் வுட்டாங்க. ரெண்டு மாசத்துல நோட்டீஸ் வந்துச்சு" என்றார்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதனால் மண்ணுக்கு மேலே இருப்பவர்களுக்கு நிம்மதி இல்லை. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒருவன் டேப்பை நீட்டினால் சுரங்கத்துக்கோ ரோட்டுக்கோ நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் டேப்போடு போய் நின்றேன் என்றால் அதற்கு என் உத்தியோகம்தான் காரணம்.

பாதுகாப்பே என் பிழைப்பு

நான் ஒரு சிமென்ட் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கிறேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், இந்தத் தொடரை மேலதிகாரியின் மனைவி படிக்கிறார்.

ஆலையில் உயரத்தில் ஏற வேண்டுமென்றாலும், தொட்டிக்குள் இறங்க வேண்டுமென்றாலும், வெல்டிங் வைக்க வேண்டுமென்றாலும் பர்மிட் வேண்டும். பர்மிட் என்பது ஒரு தாள். என்ன வேலை, என்ன ஆபத்து, அதற்கு என்ன முன்னேற்பாடு என்று மூன்று கட்டம் இருக்கும். கீழே நான் கையெழுத்துப் போட்டால்தான் வேலை ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் நான் அந்த இடத்துக்கே போய், ஆள் பத்திரமாக இறங்கிவிட்டாரா என்று கண்ணால் பார்த்து, 'மூடப்பட்டது' என்று எழுதி இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் கையெழுத்தில் நான் படு கறார். இரண்டாவது கையெழுத்துச் சமாசாரம் கொஞ்சம் சங்கடமானது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டீ வரும். மேசையில் இருபது தாள் இருக்கும். டீ ஆறுவதற்குள் இருபதும் மூடப்பட்டுவிடும். நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேனா என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆலையில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு, இருசக்கர வாகனமே ஓட்டாத கொள்கைவாதி. ஆலை பஸ்ஸில் போவேன், ஆலை பஸ்ஸில் வருவேன். மற்ற இடங்களுக்குக் கலைச்செல்வியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். ஹெல்மெட் வாரை இறுக்கிப் போட்டுக்கொள்வேன். "ரோட்டுல போறவன் எல்லாம் ஒழுங்கா போற அன்னிக்கு நானும் வண்டி எடுக்கிறேன்" என்று கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

உண்மை என்னவென்றால் எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது.

கேரியரில் படித்தவன்

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தேன். எங்கள் வீட்டில் சைக்கிள் கிடையாது. வகுப்புத் தோழன் செல்வராசு வீட்டில் இருந்தது. எனக்கும் அவனுக்கும் ஒரு ஒப்பந்தம். அவன் மிதிப்பான், நான் கேரியரில் உட்கார்ந்து வருவேன். பதிலுக்கு அவன் வீட்டுப்பாடத்தையும் நானே எழுதித் தருவேன். ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த ஏற்பாடு பிளஸ் டூ வரை ஒரு நாள் பிசகாமல் நடந்தது. அவனுக்குக் கெண்டைக்கால் திரண்டது, எனக்குக் கையெழுத்து அழகானது. செல்வராசு இப்போது சொந்தமாக இரண்டு லாரி வைத்திருக்கிறான். நான் இன்னமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிறகு ஹாஸ்டல், அப்புறம் ஆலை பஸ். இடையில் எங்காவது கற்றுக்கொண்டிருக்கலாம். ஆனால் மீசை முளைத்த பிறகு யார் முன்னால் போய் விழுவது? பெண் பார்க்கப் போனபோது, "மாப்பிள்ளை வண்டி ஓட்ட மாட்டாங்களா?" என்று கேட்டார்கள். "ரோடு அவ்வளவு சேப்டியா இல்லீங்க" என்றேன். பொறுப்பான பையன் என்று முடிவு செய்து பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

யாழினி கேட்டது

அந்த வருடம் யாழினிக்குப் பள்ளியில் அரசாங்கத்தின் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். முன்னால் கூடை வைத்த நீல சைக்கிள். அதை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியவள், புத்தகப் பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"அப்பா, நாளையிலேருந்து நான் சைக்கிள்லயே ஸ்கூலுக்குப் போறேன்."

அவள் ஆசைக்காகக் கேட்கவில்லை. கணக்குக்கு ஐந்தரை மணி வரை ஸ்பெஷல் கிளாஸ் நடக்கிறது. எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் நாலே முக்காலுக்கே போய்விடும். அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அந்த டிரைவருக்கே தெரியாது. சைக்கிள் வைத்திருக்கும் பெண்கள் உட்கார்ந்து படிப்பார்கள். யாழினி பாதிக் கணக்கில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடி வருவாள். கலைச்செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள் டியூட்டி எப்போது முடியும் என்று சொல்ல முடியாததால் ஸ்கூட்டியில் போய் அழைத்து வருவதும் நடக்காது.

ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஐந்து கிலோமீட்டரிலும் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிறது, சிமென்ட் லாரி ஓடுகிறது. அந்த லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்று எனக்குத் தெரியும், எங்கள் கேட்டிலிருந்துதானே கிளம்புகின்றன. என் மகள் அதில் ஒன்றின் பக்கத்தில் சைக்கிள் மிதித்துப் போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நியாயஸ்தன். எதையும் முறைப்படி மறுப்பதுதான் என் வழக்கம்.

"தாராளமா போ. ஆனா அதுக்கு முன்னாடி நம்ம வூட்டுல எல்லாரும் முறையா சைக்கிள் பழகணும். நாலு பேரும் பாஸ் பண்ணின அன்னிக்கு நீ போகலாம்" என்றேன். அவள் பிளஸ் டூ முடிக்கும் வரை இழுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

"நாலு பேர்னா நீங்களும் சேத்தியா?" என்றாள் கலைச்செல்வி.

"நான் இல்லாமலா?" என்றேன். வாய் கொழுப்பு, வேறென்ன சொல்ல.

இருபத்து மூன்று விதிகள்

முதல் வேலையாக யாழினியின் சைக்கிளைக் கடைக்கு உருட்டிப் போனோம். கடைக்காரர் ஹேண்டில் பாரைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "வாங்கின அன்னிக்கே கொண்டாந்துட்டீங்க, நல்லதுங்க சார். ஸ்கூல்ல கோத்துதான் குடுப்பாங்க, முடுக்கறது நாங்கதான்" என்றார். பிரேக்கை இறுக்கினார். சீட்டை, உட்கார்ந்தால் கால் விரல் தரையில் ஊன்றுகிற உயரத்துக்கு இறக்கினார். பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் போட்டார். பெல்லை மட்டும் மூன்று தடவை மாற்றச் சொன்னேன். எனக்குச் சத்தம் போதவில்லை.

கலைச்செல்விக்கும் இனியாவுக்கும் அக்கம்பக்கத்தில் சைக்கிள் இரவல் கிடைத்தது. எனக்கானதைச் செல்வராசுவிடம் கேட்டேன்.

"யாருக்குடா?" என்றான்.

"எனக்குத்தான்."

"யாரு மிதிப்பா?" என்று கேட்டான்.

கலைச்செல்வி தன் பங்குக்கு ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் போய் அம்மன் காலடியில் வைத்த நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்தாள். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து நசுக்கி எடுப்பதுதானே வழக்கம். செல்வராசுவின் லாரி ஏறிய வேகத்தில் அந்தப் பழம் சட்டினி ஆகிவிடும். சைக்கிளுக்கு எலுமிச்சம்பழம் நசுங்காது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. யாழினி ஏறி மிதித்தாள். முன் சக்கரம் பழத்தின் மேல் ஏறி, அப்படியே பக்கவாட்டில் உருண்டது. முழங்கையில் சிராய்ப்பு. எங்கள் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் விபத்து, சைக்கிள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே நடந்து முடிந்தது.

நான் விபத்து அறிக்கை எழுதினேன். மூல காரணம் என்ற இடத்தில் 'எலுமிச்சை' என்று போட்டேன். சாட்சிக் கையெழுத்துப் போட கலைச்செல்வி மறுத்துவிட்டாள்.

பிறகு விதிகளை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும், பக்கத்தில் பேசிக்கொண்டு போகக் கூடாது. திரும்பும் முன் கையை நீட்ட வேண்டும். கேரியரில் ஆள் ஏற்றக் கூடாது. யாருக்காகவும் ரோட்டின் மேல் நின்று காத்திருக்கக் கூடாது, இது விதி ஒன்பது. இப்படி இருபத்து மூன்று.

முதல் வாரம் உருட்டுவது மட்டும். இரண்டாவது வாரம் ஏறாமலே இறங்கப் பழகுவது. "பயிற்சி குடுக்கறவன் ஓட்டக் கூடாது, கவனிக்கணும்" என்று சொல்லி நான் ஓரமாக நின்றுகொண்டேன். இதில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவர்கள் மூவருக்கும் ஏற்கெனவே சைக்கிள் ஓட்டத் தெரியும். இனியா ஒரு கையை விட்டே ஓட்டுவாள். அப்படிப்பட்டவர்களை இரண்டு வாரம் தெருவில் சைக்கிளை உருட்ட வைத்தேன்.

யாழினி எதிர்த்துப் பேசவில்லை. நாட்காட்டியில் ஸ்பெஷல் கிளாஸைப் பாதியில் விட்டு வந்த நாட்களை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு வந்தாள். வட்டங்கள் என் கண்ணில் படுகிற மாதிரி சிவப்பு மையில் இருந்தன.

மூன்றாவது வாரம், ரோட்டு ஓரம் எவ்வளவு அகலம் இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் ஏறலாம் என்று அறிவித்தேன். அதற்காகத்தான் ஆலையிலிருந்து டேப், சட்டை, ஹெல்மெட் எல்லாம் வாங்கிக்கொண்டு அந்த முந்திரிக் கொல்லைப் பக்கம் போனது.

எங்க, ஓட்டுங்க பாப்போம்

பத்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு டிராக்டர் நின்றது. அதிலிருந்து இறங்கியவர் நேராகக் கலைச்செல்வியிடம் போய், "ரெண்டு போர்வெல் இருக்குங்க, புளியமரம் ஆறு. வுடாம எழுதிக்குங்க" என்றார். "எழுதாதீங்க. எழுதினாத்தான் எடுத்துருவாங்க" என்று இன்னொருவர் குறுக்கே வந்தார். எழுத வேண்டுமா வேண்டாமா என்று அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிட்டது. எழுதினால் எங்களுக்கு ஆபத்து, எழுதாவிட்டாலும் ஆபத்து. கலைச்செல்வி பேனாவை மூடி, கொண்டையில் செருகிக்கொண்டாள்.

நான் நிலைமையைச் சீர் செய்வதாக நினைத்து என் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதைவிட மடத்தனம் இருக்க முடியாது. டிராக்டர்காரர் அதை வாங்கி உரக்கப் படித்தார். "சிமென்ட் கம்பெனி" என்ற சொல் வந்ததும் கூட்டம் ஓரடி நெருங்கியது.

"இல்லக்கா, சத்தியமா சைக்கிள் ஓட்டத்தான் வந்தோம்" என்றேன் தனக்கோடியிடம்.

"அப்ப சரி. எங்க, ஓட்டுங்க பாப்போம்."

கலைச்செல்வி சைக்கிள் பக்கம் நகர்ந்தாள். "நீங்க இருங்கம்மா. டேப்பு வச்சிருக்கறவரு ஓட்டட்டும்" என்றார் தனக்கோடி.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். யாழினி என் காதருகே வந்து, "அந்த வளைவு வரைக்கும் ஓட்டிக் காமிச்சிட்டு வந்துருப்பா. வூட்டுக்குப் போயிரலாம்" என்றாள். அவள் என்னை நம்பிக் கேட்டாள். அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஹேண்டில் பாரைப் பிடித்தேன். காலைத் தூக்கிப் போட்டேன். கேரியரில் ஆறேழு வருடம் உட்கார்ந்தவன், முன்னால் உட்கார்வதில் அப்படி என்ன வித்தியாசம் என்று நினைத்து மிதித்தேன். ரோடு இடப்பக்கமாகச் சாய்ந்தது. அடுத்த நிமிடம் நான் முந்திரிச் சருகில் கிடந்தேன், சைக்கிள் என் மேல் கிடந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தனக்கோடி அருகே வந்து குனிந்து பார்த்தார்.

"அட, இந்தாளுக்கு நெசமாவே ஓட்டத் தெரியலடா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "சர்வேக்காரனா இருந்தா ஓட்டியிருப்பான். இது வேற ஆளு, வுடுங்கடா."

அரிவாளை இடுப்பில் செருகிவிட்டு அவரே என்னைத் தூக்கி நிறுத்தினார். அதன் பிறகுதான் என் பாடு திண்டாட்டம் ஆனது. நிலம் தப்பித்த சந்தோஷத்தில் மொத்தக் கூட்டமும் எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்க இறங்கியது. "முன்னாடி பாருங்க" என்றார் ஒருவர். "கைய லூசா வுடுங்க" என்றார் இன்னொருவர். "இடுப்ப ஆட்டாதீங்க சார்" என்றார் டிராக்டர்காரர். வெயில் ஏறும் வரை ஊரே என்னைத் தள்ளியது. நான் கற்றுக்கொள்ளவில்லை.

திரும்பும்போது எல்லோரும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தோம். அதில் எங்களுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் கலைச்செல்வி. "ஸ்கூட்டில வளைவு வந்தா நான் ஒரு பக்கம் சாயறேன், நீங்க மறுபக்கம் சாயறீங்க. சைக்கிள் தெரிஞ்சவன் எவனும் அப்படிச் சாய மாட்டான்."

"தெரிஞ்சுதான் இத்தன வருசம் சொல்லாம இருந்தியா?"

"கொள்கைன்னீங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு வுட்டுட்டேன்."

வீடு வரும் சமயத்தில் யாழினி, என்னைப் பார்க்காமலே, "உனக்கு ஓட்டத் தெரியாதுன்னு மூணு வாரமா என் கிளாஸ் போச்சுப்பா" என்றாள்.

சருகில் விழுந்தபோது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. என் வெட்கத்தை மறைக்க அவள் படிப்பை எடுத்துப் போர்த்திக்கொண்டிருக்கிறேன் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

மூன்று கட்டம்

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது என் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருந்தது. எங்கள் ஆலையின் பர்மிட் தாள். யாழினி கணக்குப் போட்டுப் பார்க்க நான் கொண்டு வந்து கொடுத்த பழைய கட்டிலிருந்து ஒன்றை எடுத்து நிரப்பியிருந்தாள்.

வேலை: பள்ளிக்கூடம் போய்வருதல்.

ஆபத்து: லாரி. முன்னேற்பாடு: பின்னால் ஹாரன் கேட்டால் இறங்கி ஓரமாக நிற்பது, நிற்கும் லாரியின் இடப்பக்கம் நுழையாமல் இருப்பது, மூன்று தோழிகளோடு ஒருவர் பின் ஒருவராக வருவது.

ஆபத்து: மழை, நாய், ரோட்டோர மண். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முன்னேற்பாடு. எல்லாம் என் விதிகளை விடச் சுருக்கமாக, உருப்படியாக இருந்தன.

கடைசி வரியில், ஆபத்து: அப்பா பயப்படுவது. முன்னேற்பாடு: ஆறு மணிக்கு வீட்டு வாசலில் இருப்பது.

இருபது வருடத்தில் எத்தனையோ பர்மிட் படித்திருக்கிறேன். இப்படி ஒரு ஆபத்தை யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை. சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்ப் பேனா எடுத்து வந்தேன். என் கையெழுத்து அன்றைக்கு அவ்வளவு அழகாக வரவில்லை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். ஐந்தே கால் மணிக்கே எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் முக்கில் போய் நின்றேன், ஆரஞ்சுச் சட்டையோடு. சட்டையைப் பார்த்ததும் லாரிகள் வேகத்தைக் குறைத்தன. ஒரு டிரைவர் தலையை நீட்டி, "செக்கிங்கா சார்?" என்றார். ஆமாம் என்றேன். பொட்டிக்கடைக்காரர் வந்து, "இந்த ரோட்டையும் எடுக்குறாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கும் தலையாட்டி வைத்தேன். கண் ரோட்டிலேயே இருந்தது. ஐந்து ஐம்பது ஆனது. தூரத்தில் வரும் ஒவ்வொரு லாரியின் புழுதியும் அடங்கும் வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐம்பத்தைந்து.

புழுதிக்குள்ளிருந்து நான்கு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மூன்றாவதாக யாழினி. திரும்புவதற்கு முன் கையை நீட்டினாள். என்னைப் பார்த்ததும் பெல் அடித்தாளே தவிர நிறுத்தவில்லை.

"ரோட்டு மேல நிக்காதப்பா, விதி ஒன்பது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பின்னாலேயே வேகமாக நடந்து வீட்டுக்குப் போனேன். சைக்கிள் வாசலில் ஸ்டாண்டு போட்டிருந்தது. அவள் பக்கத்தில் நின்று, தாளையும் பேனாவையும் நீட்டினாள். நெற்றியில் வியர்வையும் சிமென்ட் தூசியும். கை, கால், முகம் எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். தாளைச் சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, நேரத்தைக் குறித்து, 'மூடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இருபது வருடத்தில் நான் நேரில் போய் நின்று பார்த்து மூடிய முதல் பர்மிட் அது.